18 நாளும் ஒரு சில்வர் கோப்பையும்

கதிர்காம முருகன் கோயிலுக்கு நடந்து போனனான் எண்டு சொன்ன உடன எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி "யானை கண்டனியோ?" ரெண்டாவது "சிறுத்தை?" மூண்டாவதா ஆராவது ஒரு மாமி மட்டும் "சாப்பாட்டுக்கு என்ன செய்தனீ பிள்ளை" எண்டு கேப்பா. அந்த மூண்டாவது கேள்விக்குத்தான் என்னட்ட மறுமொழி இருக்கு, ஆனா அதைச் சொல்ல வெளிக்கிட்டால் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில முடியாது, அதான் இருந்து எழுதுறன்.

ஊர் வடமராட்சி, வேலை கொழும்பில, ஒரு கொம்பனியில கணக்குப் பகுதி. வயசு 43. என்ர நடைப் பழக்கம் எண்டால் பின்னேரத்தில வெள்ளவத்தைக் கடற்கரையால பம்பலப்பிட்டி மட்டும் போய் ஒரு வடை வாங்கித் திண்டிட்டு பஸ்ஸில திரும்பி வாறது. பக்தியும் பெரிசா இல்லை, வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாமல் இருக்கிறதோட சரி.

ஆனா அம்மம்மா தொண்டைமானாறு ஆள். செல்வச்சந்நிதி முருகன் கோயில்ல வாயைத் துணியால கட்டிக்கொண்டு பூசை செய்யிறது, 65 ஆலமிலையில படைக்கிறது எல்லாம் அவவுக்கு வீட்டுக்கதை மாதிரி. சந்நிதியானுக்கு அன்னதானக் கந்தன் எண்டும் பேர் இருக்கெல்லோ. வைகாசியில அங்கயிருந்து முருகன்ர வேலைத் தூக்கிக்கொண்டு சனம் வெளிக்கிடும், முல்லைத்தீவில வற்றாப்பளைக் கண்ணகி அம்மன்ர பொங்கலுக்கு நிக்கும், கடல்தண்ணியில விளக்கெரியிறதைப் பாக்கும், பிறகு திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோயில், பொத்துவில், உகந்தை, கடைசியாக் காடு, காடு கடந்தால் கதிர்காமம். ஒண்டரை மாசத்துக்கும் கூட. அம்மம்மா குமராய் இருக்கேக்க தானும் போகப்போறன் எண்டு கேட்டவவாம், அவவின்ர ஐயா விடேல்ல. "குமர்ப்பிள்ளை கண்ட நிண்ட படலையெல்லாம் நிண்டு கையேந்திறதோ" எண்டாராம். பாருங்கோ, காட்டுக்கும் பயப்பிடேல்ல, காலுக்கும் பயப்பிடேல்ல, கையேந்திறதுதான் அந்த மனுசனுக்குப் பிரச்சினையா இருந்திருக்கு.

இந்த வழியைப் பற்றி வெளியில கனபேருக்குத் தெரியாது. ஸ்பெயினில சந்தியாகோவுக்கு நடக்கிற வழியைப் பற்றி என்ர ஒஃபிஸில ஒரு சிங்களப் பிள்ளை ஒரு மணித்தியாலம் கதைப்பா, ஆனா தன்ர நாட்டில கரையோரமா ஒரு மாசத்துக்கு மேல நடக்கிற சனம் இருக்கெண்டது அவவுக்குப் புதுக்கதை. இன்னுமொரு விசித்திரம், 1983க்குப் பிறகு நிண்டுபோன நடையை 1988இல திரும்பத் தொடக்கினதில முக்கியமான ஆள் பற்றிக் ஹரிகன் எண்ட ஒரு அமெரிக்கர். அவர் முதல்முதலா நடந்தது 1972இல. சந்நிதிப் பக்கம் ஆச்சிரமம் வைச்சிருந்த ஜேர்மன் சாமியின்ர சீடர். எங்கட சனம் குண்டுக்குள்ள ஓடிக்கொண்டிருந்த காலத்தில ஒரு வெள்ளைக்காரர் வந்து பழைய வழியைத் தட்டி எழுப்பினதை நினைச்சால் சிரிப்பும் வரும், கொஞ்சம் வெக்கமும் வரும்.

எனக்கு ஒண்டரை மாசம் லீவு ஆர் தாறது? மூண்டு கிழமை கேட்டு வாங்கினன், அதுக்கே "பஸ்ஸில போனா ஒரு நாள்தானே" எண்டு மேலிடத்தில ஒரு பகிடி. அதால மட்டக்களப்பு மாமாங்கத்தில இருந்து நடக்கிறதெண்டு முடிவு. பாதி வழி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. யாழ்ப்பாணத்தில இருந்து நடந்து வந்த ஆக்கள் மாமாங்கக் குளத்தடியில கால் நீட்டிப் படுத்திருந்தவை, அவையின்ர காலைப் பாத்தபிறகு நான் என்ர பயணத்தைப் பாதயாத்திரை எண்டு சொல்லவே கூசினது.

அங்கதான் சித்தாண்டி அம்மாவைச் சந்திச்சன். பேர் சொல்லுற வழக்கம் இல்லை, ஆம்பிளை பொம்பிளை எல்லாரும் சாமிதான், ஆனா ஒரு கூட்டத்தில 30 சாமி இருந்தால் குழப்பம் வருமெல்லோ, அதால ஊர்ப் பேரைச் சேர்த்துக் கூப்பிடுறது. வாழைச்சேனைச் சாமி, ஏறாவூர்ச் சாமி, நான் வந்து சேர்ந்த உடன கொழும்புச் சாமி ஆயிட்டன். சித்தாண்டி அம்மாவுக்கு 68 வயசு, அது அவவுக்கு 19ஆவது நடை. மஞ்சள் சீலை, வெறுங்கால், ஒரு துணிப்பை, அதுக்குள்ள ஒரு மாத்துச் சீலை, திருநீறு, ஒரு சில்வர் கோப்பை. அவ்வளவும்தான்.

என்ர பையில என்னவெல்லாம் இருந்ததெண்டு சொல்லுறன், சிரிக்கக்கூடாது. பிஸ்கட் 12 பக்கெட், பேரீச்சம்பழம் ரெண்டு கிலோ, ஜீவனி, பவர் பாங்க் ரெண்டு, கால் பிளாஸ்ரர், குளுக்கோஸ், மழைக்கோட்டு (ஆனி மாசத்தில மட்டக்களப்பில மழைக்கோட்டு!). அம்மா பையைத் திறந்து பாத்திட்டு, "இதெல்லாம் ஆருக்கு மனே?" எண்டு கேட்டா. எனக்குத்தான் எண்டன். "அப்ப நீ கடைக்கெல்லோ போறாய், கதிர்காமத்துக்கில்ல." முதல்நாளே பிஸ்கட் முழுக்க கல்லடிப் பாலம் தாண்ட முதல் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குப் போச்சு. பேரீச்சம்பழத்தை மட்டும் ஒளிச்சு வைச்சிருந்தன், அதுவும் மூண்டாம் நாள் பிடிபட்டது.

விதி இதுதான்: காசு குடுத்துச் சாப்பாடு வாங்கிறேல்ல. தந்ததைச் சாப்பிடுறது, தராட்டில் பேசாமல் படுக்கிறது. எல்லாக் கூட்டமும் இப்பிடியில்லை, லாண்ட்மாஸ்ரரில சாமான் ஏத்திக்கொண்டு சமைச்சுச் சாப்பிட்டு வாற கூட்டமும் இருக்கு, அதைப் பிழையெண்டு சொல்லேல்ல. நான் அம்பிட்டது கையேந்திற கூட்டத்தில.

காத்தான்குடியால போகேக்க கேக்கவே தேவைப்படேல்ல. வெயில் ஏறி தார் கொதிக்கத் தொடங்கியிட்டுது, கச்சான் காத்து வேற முகத்தில அடுப்பைத் திறந்து பிடிச்ச மாதிரி. ஒரு துணிக்கடை வாப்பா எங்களைக் கண்டிட்டு ஓடிவந்து உள்ள கூப்பிட்டு கதிரையெல்லாம் போட்டு ஃபானை எங்கட பக்கம் திருப்பி விட்டார், ஐஸ் போட்ட சர்பத்து வந்தது, போகேக்க "அங்க எனக்கும் ஒரு துஆ கேளுங்க" எண்டார். சித்தாண்டி அம்மா தலையாட்டினா. ஒவ்வொரு வருசமும் அந்தக் கடைதானாம்.

நான் முதல்முதலாக் கையேந்தினது குருக்கள்மடத்தில. ரெண்டாம் நாள் காலமை. அம்மா என்னை ஒரு வீட்டுப் படலையில விட்டிட்டு தான் அடுத்த வீட்டுக்குப் போட்டா. "என்ன சொல்லுறது?" எண்டு கேட்டன். "அரோகரா எண்டு மட்டும் சொல்லு, மிச்சம் அவங்களுக்குத் தெரியும்." நிண்டன். வாயால வரேல்ல. மாசம் முடிய சம்பளம் எடுக்கிற ஆள், வற் வரிக் கணக்குப் பிழைச்சால் மனேஜரோடயே சண்டை பிடிக்கிற ஆள், ஆற்றயோ வீட்டு வாசல்ல கோப்பையோட நிக்கிறன். உள்ளுக்குள்ள நாய் குலைக்குது. அம்மம்மாவின்ர ஐயா நினைவுக்கு வந்தார், அந்தாள் சொன்னது சரிதான் போல எண்டும் பட்டுது. கடைசியில அரோகரா எண்டது எனக்கே கேக்காத மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

ஒரு வயசான அம்மா வந்தா. ஒரு சுண்டு அரிசியும் ஒரு தேங்காய்ப் பாதியும் கொண்டந்து கோப்பையில போட்டா. நான் பழக்கதோசத்தில "தாங்க்ஸ்" எண்டிட்டன். அவ அதைக் கவனிக்கேல்ல, அப்பிடியே குனிஞ்சு என்ர காலைத் தொட்டுக் கும்பிட்டிட்டா. நான் பாம்பைக் கண்ட மாதிரிக் காலை இழுத்துக்கொண்டன், அவவுக்கு என்ர அம்மாவின்ர வயசிருக்கும். அவ நிமிர்ந்து என்னை ஒரு மாதிரிப் பாத்தா, மனம் நொந்த பார்வை. "திருநீறு பூசி விடுங்க சாமி" எண்டா. என்னட்ட திருநீறும் இல்லை.

பிறகு சித்தாண்டி அம்மாட்ட இதைச் சொல்ல அவ நடந்துகொண்டே சொன்னா: "உன்ட காலயா மனே கும்பிட்டவ? கதிர்காமத்துக்குப் போற காலையெல்லோ. அவவுக்கு நடக்கேலாது, உன்ட காலில அவவும் வாறா. நீ காலை இழுத்தா அவ எப்பிடி வாற?"

சரி, இனி அதைப் பற்றி யோசிக்கேல்ல எண்டு வைச்சன். யோசிச்சன்தான், ஆனா காலை இழுக்கேல்ல.

யாழ்ப்பாணத்தில ஒரு கதை சொல்லுவினம், மட்டக்களப்புக்குப் போனால் பாயோட ஒட்ட வைச்சிடுவாங்கள் எண்டு. மந்திரமாம். எங்கட ஆக்கள் அங்க வேலைக்குப் போய் கலியாணம் கட்டித் திரும்பி வராமல் விட்டதுக்குச் சொன்ன சாட்டுத்தான். கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுவாஞ்சிக்குடி எண்டு ஒவ்வொரு ஊரா நடந்து பாருங்கோ, மந்திரம் என்னெண்டு விளங்கும். "இரிங்க சாமி, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" எண்டு சொல்லிப் பாய் விரிப்பினம், வெளியில வெயில், உள்ள மண்குளிர்மை, தயிரும் பனங்கட்டியும், எழும்ப மனம் வராது, ஒட்டித்தான் போவம்.

குறுமண்வெளியில இருந்து வாவியைக் கடந்து மண்டூருக்குப் போனம். அங்க அந்தப் படகுக்குப் பேரே "பாதை". "பாதை எப்ப வரும்?" எண்டு ஒருத்தர் கேக்க எனக்குத் தலை சுத்தினது, பாதை எங்க வாறது, நாங்கள்தானே போகவேணும். மண்டூருக்கும் சின்னக் கதிர்காமம் எண்டு பேர், எங்கட சந்நிதிக்கும் அதே பேர், அங்கயும் வாய்கட்டித்தான் பூசை. கோயிலைச் சுத்தி அப்பிடி ஒரு அமைதி. நான் வந்தனான் வந்தனான் எண்டு எல்லா இடமும் போட்டோ எடுத்துக்கொண்டு வந்த ஆள், அங்க போனை வெளியில எடுக்கவே இல்லை, ஏனெண்டு கேட்டால் சொல்லத் தெரியாது.

கல்முனை, காரைதீவு. விபுலானந்த அடிகள் 1892இல பிறந்த ஊர், கண்ணகை அம்மன் ஊர். வைகாசிக் குளிர்த்திச் சடங்கு முடிஞ்சு கோயில் சாத்தியாச்சு. கிழக்கில கன கண்ணகை கோயில் அப்பிடித்தான், வைகாசியில திறந்து குளிர்த்தி பாடிச் சாத்தினால் அடுத்த வருசம்தான். சாத்தின கதவுக்கு முன்னால விழுந்து கும்பிட்டிட்டு நடந்தம்.

நிந்தவூர் தாண்டேக்க சப்பாத்து என்னைக் கைவிட்டுது. 18,000 ரூவா, "எந்த நிலத்துக்கும் ஏத்தது" எண்டு கடைக்காரப் பெடியன் சத்தியம் பண்ணித் தந்தது. குதிக்காலில ரெண்டு, பெருவிரலுக்குக் கீழ ஒண்டு, மொத்தம் மூண்டு கொப்பளம், ஒண்டு உடைஞ்சு மேஸ் ஒட்டிப்போச்சு. அக்கரைப்பற்றில ஒரு வீட்டில உப்புத்தண்ணியில கால் வைச்சுக்கொண்டு இருக்கேக்க அந்த வீட்டு மகன் சப்பாத்தையே பாத்துக்கொண்டிருந்தான், 17 வயசு இருக்கும், குடுத்திட்டன், அவனுக்கு அளவாயும் இருந்தது. அதுக்குப் பிறகு பாட்டாச் செருப்பு, மணல்ல வெறுங்கால். விடிய மூண்டரைக்கு எழும்பி நடந்தால் ஒன்பதரை மட்டும் நடக்கலாம், பிறகு எங்கயாவது நிழல், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு திரும்ப. தார் றோட்டை விட்டு எங்கயெல்லாம் கடற்கரையால போகேலுமோ அங்கயெல்லாம் அலை நனைச்ச ஈர மணல்ல நடக்கிறது, கால் புண்ணுக்கு உப்புத்தண்ணி முதல் எரியும் பிறகு சுகம்.

திருக்கோயில் சித்திரவேலாயுதர் கோயிலுக்குப் பக்கத்திலதான் கடல். மண்டபத்தில படுத்தால் அலைச்சத்தம் தலைமாட்டில. அண்டைக்கு இரவு இடியப்பமும் சொதியும் கொண்டந்த ஒரு அக்கா கோப்பையில போட்டுக்கொண்டே, இந்த இடத்தில எங்கட வீடு இருந்தது எண்டு கையால காட்டினா. மணலும் ஒரு கிணத்துக்கட்டும்தான் தெரிஞ்சுது. 2004 எண்டு அவ சொல்லேல்ல, நானும் கேக்கேல்ல. இன்னும் ரெண்டு இடியப்பம் வைச்சா.

சங்கமன்கண்டிப் பிள்ளையாரடியில தேங்காய் உடைச்சு, பொத்துவில் தாண்டி, அறுகம்பை. அங்கதான் ஒரு கூத்து. சீசன் நேரம், றோட்டு முழுக்க சர்ஃபிங் பலகையோட வெள்ளைக்காரர், கடைப் பலகையெல்லாம் இங்கிலீஷ், அதுக்கு நடுவால நாங்கள் 30 பேர் காவிச் சீலையும் வேலும் புழுதியுமா. ஒரு பிள்ளை ஓடிவந்து எத்தினை கிலோமீட்டர், எத்தினை நாள் எண்டெல்லாம் என்னட்டக் கேட்டா. சொன்னன். "ஆர் ஸ்பொன்சர்?" எண்டா. நான் மொழிபெயர்த்துச் சொல்ல சித்தாண்டி அம்மா யோசிச்சுப் பாத்திட்டு, "குருக்கள்மடம், களுவாஞ்சிக்குடி, காரைதீவு..." எண்டு ஊர்ப் பேர் வரிசையாச் சொல்லத் தொடங்கியிட்டா.

பாணமை சிங்கள ஊர் எண்டு சொல்லுவினம், தமிழ் எண்டும் சொல்லுவினம், ரெண்டும் கலந்த சனம். எங்களுக்குக் கண்ணகை, அவைக்குப் பத்தினி, எங்கட கொம்பு முறி விளையாட்டை அவை அங்கெளிய எண்டு விளையாடுவினம். ஒரு வீட்டில வாழைப்பழமும் கிரிபத் எண்ட பாற்சோறும் தந்தவை. அங்கயும் ஒரு ஆச்சி குனிஞ்சு காலைத் தொட்டா. நான் திருநீறு பூசிவிட்டன். இந்த முறை என்னட்ட திருநீறு இருந்தது.

உகந்தை. கடற்கரையில முருகனும் வள்ளியும் வந்த தோணிதான் கல்லாப் போச்சு எண்டு காட்டுற பாறையள், மலையில சுனையள், மேல வள்ளியம்மன். அழகெண்டால் அப்பிடி ஒரு அழகு. ஆனா காட்டு வாசல் திறக்கும்வரைக்கும் அங்க நிக்கவேணும், வருசத்தில ரெண்டு கிழமை அளவுதான் விடுவினம், அதால எல்லாக் கூட்டமும் வந்து குவியும், ஆயிரக்கணக்கில சனம். நாங்கள் ரெண்டு நாள் நிண்டம். எனக்கு அந்த ரெண்டு நாளும் பிடிக்கேல்ல, உள்ளதைச் சொல்லவேணும். அன்னதானப் பந்தலுக்கு மேல பந்தல், லவுட்ஸ்பீக்கர், "சாமிமார் வரிசையில வாங்கோ" எண்டு கத்தல். சாப்பாடு கொட்டிக் கிடந்தது. அரைவாசி சாப்பிட்ட பார்சல், பிளாஸ்ரிக் போத்தில் எல்லாம் பத்தைக்குள்ள. நல்ல மனசோட தூர இடத்தில இருந்து லொறியில கொண்டந்து குடுக்கிற சனம்தான், குறை சொல்லப்படாது, ஆனா ஒரு வீட்டு அரிசிப்பானைக்குள்ள கைவிட்டு அள்ளி வந்த ஒரு பிடி அரிசியை வாங்கிப் பழகின பிறகு அந்தப் பந்தலில நிக்க எனக்கு என்னவோ கலியாண வீட்டுக்குச் சொல்லாமல் போன மாதிரி இருந்தது. சித்தாண்டி அம்மா பந்தலுக்கே போகேல்ல. வழியில சேர்த்த அரிசியை அவிச்சா. ஒரு பிடி சம்பா, ஒரு பிடி நாட்டரிசி, ஒரு பிடி சிவப்புப் பச்சை எண்டு எல்லாம் கலந்தது, ஒண்டு குழையேக்க மற்றது வேகாமல் நிக்கும். கடிச்சுக் கடிச்சுச் சாப்பிடுறது. "இது செட்டிபாளையம்" எண்டு ஒரு வேகாத அரிசியைக் காட்டிச் சொன்னா, பகிடிக்குத்தான்.

வாசலில பேர், அடையாள அட்டை நம்பர் எல்லாம் பதிஞ்சு உள்ள விட்டவை. அஞ்சு நாள் காடு. வாகூரவெட்டை, கும்புக்கன், நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம். முந்தி இந்த வழியில குளமும் கிணறும் பாத்துத்தான் நடப்பினமாம், இப்ப பவுசரில தண்ணி வருகுது, ஆமி, அதிரடிப்படை, வனஜீவராசி ஆக்கள் எல்லாம் நிப்பினம். எண்டாலும் ஒரு பவுசருக்கும் அடுத்ததுக்கும் இடையில வெட்டவெளியில நடுமத்தியானம் அம்பிட்டால் தெரியும். கும்புக்கன் ஆத்தில முழங்காலளவு தண்ணி, கரையெல்லாம் மருத மரம், ஆடை நனைய விழுந்து கிடந்தம், ஆத்துக்கு இங்கால கிழக்கு மாகாணம் அங்கால ஊவா, நான் நடுவில படுத்திருந்தன்.

யானைக் கதைக்கு வாறன். காட்டுக்குள்ள அந்தப் பேரைச் சொல்லக்கூடாது. "பிள்ளையார்" எண்டுதான் சொல்லவேணும். நான் ரெண்டு தரம் வாய் தவறிச் சொல்லி ஏச்சு வாங்கினன். பிள்ளையார் போட்ட லத்தி கண்டம், சூடாறாத லத்தி. நாவலடியில இரவு நெருப்புக்கு அங்கால மரக்கொப்பு முறியிற சத்தம் கேட்டுது, 30 பேரும் ஒருமிக்க அரோகரா போட்டம், குருக்கள்மடத்தில வாய்க்குள்ள நிண்ட அந்தச் சொல்லு எனக்கு அண்டைக்கு வந்த சத்தத்தில தொண்டை கட்டிப்போச்சு. சத்தம் விலகிப் போச்சு. அவ்வளவுதான். யானை காணேல்ல. சிறுத்தையும் காணேல்ல. கண்டதெல்லாம் மயில், மான், மந்தி, பிறகு பாலைப்பழம். அந்த மாசம் பாலை பழுக்கிற காலம், மஞ்சள் மஞ்சளா மரத்துக்குக் கீழ கொட்டிக் கிடக்கும், தேன் மாதிரி, பால் உதட்டில ஒட்டி வாய் திறக்கேலாமல் போகும். கரடிக்கும் அதுதான் விருப்பம், அதால மரத்தடியில கனநேரம் நிக்கவேண்டாம் எண்டு சொல்லுவினம். நான் நிண்டன்.

வியாழையில பின்னேரம் ஒரு பெடியன் வந்தான், 20 வயசுக்குள்ள, கூட்டத்தை விட்டிட்டு வழிமாறி பிந்திப்போனவன், சொண்டெல்லாம் வெடிச்சு. "சாமி, சாப்பிட ஏதும் இருக்கா?" எண்டு என்னைப் பாத்துக் கேட்டான். என்ர கோப்பையில அரைக் கோப்பைக் கஞ்சி இருந்தது, அண்டைக்கு அதுதான் எங்கட பங்கு. கோப்பையை நீட்டினன், அவன் அதிலயே குடிச்சான், பாதியில நிப்பாட்டித் திருப்பித் தந்தான், நான் மிச்சத்தைக் குடிச்சன். பிறகு அவன் குனிஞ்சான். நான் காலை இழுக்கவும் இல்லை, ஒண்டும் சொல்லவும் இல்லை, பையில திருநீறு எங்க எண்டு தேடிக்கொண்டு நிண்டன். சித்தாண்டி அம்மா பாத்துக்கொண்டிருந்தவ, ஒண்டும் சொல்லேல்ல, பேரீச்சம்பழத்தில கடைசியா மிஞ்சின நாலஞ்சை (அவவே பறிச்சு வைச்சிருந்ததை!) எடுத்து அவனுக்குக் குடுத்தா.

கதிர்காமத்தைப் பற்றி நான் எழுதி உங்களுக்குத் தெரிய ஒண்டுமில்லை, பஸ்ஸில போனவைக்கும் அதே கதிர்காமம்தான். மாணிக்க கங்கையில முழுகினம். உள்ள சிலை இல்லை, முருகனும் வள்ளியும் தெய்வானையும் மயிலோட வரைஞ்ச திரைதான், அதுக்குப் பின்னால கப்புராளை எண்ட சிங்களப் பூசாரி வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்வார், அந்த வாய்கட்டைக் கண்ட உடன எனக்குச் சந்நிதியும் அம்மம்மாவும்தான் நினைவு. பக்கத்திலயே பள்ளிவாசல். துணிக்கடை வாப்பாவின்ர துஆ நினைவு வந்து அங்கயும் போய் நிண்டன், என்ன சொல்லிக் கேக்கிறதெண்டு தெரியேல்ல, "காத்தான்குடி, துணிக்கடை" எண்டு மட்டும் மனசுக்குள்ள சொன்னன், விலாசம் சொல்லுற மாதிரி. சித்தாண்டி அம்மா வரிசையில நிக்கக்கூட இல்லை. வாசலில விழுந்து கும்பிட்டிட்டு ஆத்தங்கரையில மருத மரத்துக்குக் கீழ சீலையை விரிச்சு நித்திரையாப் போட்டா. தீர்த்தம் முடியும் மட்டும் அங்கதான் இருப்பாவாம். எனக்கு லீவு முடிஞ்சுது. எழுப்ப மனம் வரேல்ல. கோப்பையைக் கழுவி அவவின்ர தலைமாட்டில வைச்சன், அது அவவின்ரதான், முதல்நாளே தன்ரதை எனக்குத் தந்திட்டு தான் வழி முழுக்க வாழையிலையில சாப்பிட்டவ. பஸ் ஸ்ராண்டுக்குப் போகேக்க பாக்கிறன், கோப்பை திரும்ப என்ர பைக்குள்ள கிடக்கு. எப்ப எழும்பினா, எப்ப வைச்சா, ஒண்டும் தெரியாது.

கொழும்பு பஸ்ஸில கொண்டக்டர் காசு கேட்டார். 18 நாளா ஒருத்தருக்கும் காசு குடுக்கேல்ல. இடுப்பில கட்டியிருந்த சின்னப் பையைத் திறந்தால், கடல்தண்ணி, வேர்வை, கும்புக்கன் ஆறு எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூவாத் தாளெல்லாம் ஒண்டோடொண்டு ஒட்டி ஒரு கட்டியாக் கிடக்குது. பிரிக்கப் பிரிக்கக் கிழியுது. கொண்டக்டர் பாத்துச் சிரிச்சார், பிறகு தானே வாங்கி நிதானமா ஒவ்வொண்டாப் பிரிச்சு, தன்ர காசை எடுத்துக்கொண்டு, மிச்சக் காசுக்கு எனக்கொரு கிழிஞ்ச 50 ரூவாத் தாள் தந்தார். அது இன்னும் ஒருத்தரும் வாங்காமல் என்னட்டத்தான் இருக்கு.